அடுக்கு விழவில்லை

நியூ மெக்சிகோவில் நாங்கள் வேலை பார்த்த கூடத்தில் புளூட்டோனியத் துண்டுகளை டப்பாக்களில் அடைத்து, இரும்பு அடுக்கில் இடைவெளி விட்டு வைப்போம். டப்பாக்கள் அளவுமீறி நெருங்கினால் தொடர்வினை பற்றிக்கொள்ளும். பக்கத்தில் நிற்பவர்களைக் கதிர்வீச்சு கொன்றுவிடும். அப்படி நெருங்காமலிருக்கக் கணக்குப் போடுவது ஒஃபீலியா ஆர்ச்சுலெட்டாவின் வேலை. அவள் கையெழுத்துப் போடாமல் ஒரு டப்பாகூட உள்ளே போகாது. அதனாலேயே மேலாளர் வெண்டல் க்ரிப்ஸுக்கு அவளைக் கண்டால் ஆகாது.

புது அடுக்கு வந்தது.

"நிலநடுக்கம் வந்தா என்ன ஆகும்?" என்று கேட்டாள் ஒஃபீலியா.

"இங்க எப்பம்மா வந்திருக்கு?" என்றார் க்ரிப்ஸ்.

"வர்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட அனுமதி கேக்குமா சார்?"

வேறு வழியின்றிச் சோதனைக்கு ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்ட கையோடு அதை விழாவாக்கிவிட்டார். நிலநடுக்கம்போல் ஆட்டும் மேடையில் அடுக்கை ஏற்றி, ஈயம் நிரப்பிய போலி டப்பாக்களை வைத்தோம். புகைப்படத்தில் பளபளக்க வேண்டுமென்று டப்பாவுக்கும் தட்டுக்கும் மெழுகு பூசச் சொன்னார் க்ரிப்ஸ். தலைநகரத்து அதிகாரிகள் பச்சை மிளகாய் வைத்த பரிட்டோ ரொட்டிச் சுருளும் கையுமாக முன்வரிசையில் உட்கார்ந்தார்கள்.

மேடை ஆடியது. அடுக்கு கிறீச்சிட்டது, விழவில்லை. ஒரே கைதட்டல்.

ஒஃபீலியா மட்டும் கிட்டே போய்ப் பார்த்தாள். ஒவ்வொரு தட்டிலும் டப்பாக்கள் வழுக்கிக்கொண்டு போய் ஒரே மூலையில் கன்னத்தோடு கன்னம் ஒட்டி நின்றன.

"சார், இது நிஜச் சரக்கா இருந்திருந்தா முன்வரிசை மொத்தமும் காலி."

"அடுக்கு விழுந்துச்சா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"விழல."

"அப்ப பாஸ்தானே!"

"அடுக்கு பாஸ். நமக்குத்தான் சங்கு."

ஓர் அதிகாரி, உள்ளே இருப்பது ஈயம் என்று தெரிந்தும், நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

க்ரிப்ஸ் மிரட்டினார், கெஞ்சினார். "நிலநடுக்கத்தன்னிக்கு மெழுகு பூச மாட்டோம்னு எழுதித் தர்றேன், போதுமா?"

போதவில்லை. கடைசியில் ஒஃபீலியா சொன்னபடி ஒவ்வொரு டப்பாவுக்கும் தட்டில் ஒரு வளையத்தைப் பற்றவைத்து மறுபடி ஆட்டினோம். எதுவும் இம்மியும் நகரவில்லை. அன்றே கையெழுத்துப் போட்டாள்.

வளைய யோசனைக்காகப் பாதுகாப்பு விருது க்ரிப்ஸுக்குக் கிடைத்தது. விருந்தில் எழுந்து நின்று, தீப்பிடித்தால் அணைக்க அடுக்குக்கு மேலே தண்ணீர்க் குழாய்களும் போடப்போவதாக அறிவித்தார்.

ஒஃபீலியா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "சார், தண்ணி பட்டா தொடர்வினை இன்னும் சுலபமாப் பத்திக்கும்."

"தண்ணி பட்டா எப்படிம்மா பத்திக்கும்?" என்று சிரித்தார் க்ரிப்ஸ். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள்.

அவள் இன்னொரு காபி சொல்லிவிட்டு, அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தாள்.