வெளியே நிற்கும் உயரம்

விடைத்தாள் திருத்தும் முகாமின் ஆறாம் நாள், மத்தியானம். கணக்கு டீச்சருக்குக் கழுத்து ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்த எட்டுப் பேருக்கும் விடைக்குறிப்பு எழுதிக் கொடுத்தவள் அவள்தான். முதல் நாளே, "நீங்களே எழுதிடுங்க டீச்சர், உங்களுக்குத்தான் பொறுமை ஜாஸ்தி" என்று அவள் தலையில் கட்டிவிட்டார்கள். பொறுமைசாலிக்கு உலகம் கொடுக்கும் பரிசு இன்னும் கொஞ்சம் வேலை.

சாயங்காலத்தோடு முகாம் முடிகிறது. எல்லோரும் பையைக் கட்டித் தயாராக வைத்திருந்தார்கள்.

பதினேழாம் கேள்வி, ஐந்து மார்க். ஒரு பக்கமாகச் சரிந்து விழப்போவது போல ஒரு முக்கோணம். அடிப்பக்கம் பன்னிரண்டு, சாய்ந்த பக்கம் ஐந்து. உச்சியிலிருந்து முக்கோணத்துக்கு வெளியே ஒரு புள்ளிக்கோடு நேராகக் கீழே இறங்கும். அதன் அருகில் நான்கு என்று போட்டிருந்தது. பரப்பளவு என்ன? பன்னிரண்டையும் ஐந்தையும் பெருக்கி, அதில் பாதி முப்பது என்று குறிப்பில் எழுதியிருந்தாள். ஆறு நாளாக எட்டுப் பேரும் முப்பதுக்கு மார்க் போட்டார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இப்போது கையில் இருந்த தாளில் ஒரு பிள்ளை அடிப்பக்கத்தை வெளியே நீட்டி, புள்ளிக்கோடு தொடும் இடத்தில் செங்கோணக் குறி போட்டு, 24 என்று எழுதியிருந்தது. கீழே ஒரு வரி: ‘சாய்த்து வைத்த ஏணி, அதன் நீளத்துக்கு உயரம் எட்டாது.’

டீச்சர் தன் விடைக்குறிப்பை எடுத்து அந்தப் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பத்தொன்பது வருஷம் பாடம் நடத்தியவள். படத்துக்கு வெளியே நிற்கிற கோடு, பிள்ளைகளைக் குழப்பப் போட்டது என்று அசதியில் நினைத்துவிட்டாள். வெளியே நின்றால் மட்டும் உயரம் உயரமில்லையா?

கூடவே மூன்றாம் நாள் திருத்திய ஒரு தாள் ஞாபகம் வந்தது. மொத்தம் முப்பத்தொன்று. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து வேண்டும். நாலு மார்க்குக்கு எங்கேயாவது வழி உண்டா என்று இரண்டு முறை புரட்டிவிட்டு, மனசில்லாமல் தோல்வி என்று எழுதினாள். அந்தத் தாளிலும் பதினேழாம் கேள்விக்கு விடை இருபத்துநாலுதான்.

பேசாமல் இருந்துவிட்டால் யாருக்குத் தெரியும்? அப்படி நினைத்ததற்கே அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் நினைத்தாள். அத்தனை களைப்பு.

முகாம் பொறுப்பாளரை எல்லோரும் அரக்கு சார் என்பார்கள். முடிந்த கட்டுகளுக்கு அரக்கு முத்திரை வைப்பதில் அவருக்கு அப்படி ஒரு பிரியம். அவரிடம் போய் நின்றாள்.

"சார், பதினேழாவது கேள்விக்குக் குறிப்பு தப்பு. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

அவர் படத்தைப் பார்த்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"சீல் வெச்ச கட்டையெல்லாம் பிரிக்கச் சொல்றீங்களா? ஒவ்வொருத்தர் மூஞ்சியும் எப்படி இருக்குன்னு பாருங்க டீச்சர்."

"பாத்தேன் சார்."

"முப்பது போட்ட பிள்ளைங்க நூத்துக்கணக்குல இருக்கும். அதுங்க மார்க்கைப் பிடுங்கப் போறீங்களா?"

"வேண்டாம் சார். அதுங்களுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்ததே நாமதானே. இருபத்துநாலு போட்டதுங்களுக்கும் குடுத்துடுவோம்."

யாரோ பையைக் காலால் உள்ளே தள்ளினார்கள். "இன்னைக்கு வீடு போய்ச் சேர்ந்த மாதிரிதான்" என்று ஒரு குரல் அலுத்துக்கொண்டது. அரக்கு சார் முதல் முத்திரையைத் தன் கையாலேயே உடைத்தார்.

டீச்சர் மூன்றாம் நாள் கட்டை எடுத்துத் தேடினாள். கிடைத்தது. பதினேழாம் கேள்வி, இருபத்துநாலு, பூஜ்ஜியம். ஓரத்தில் சிவப்பு மையில், அவளுடைய எழுத்தில்: ‘உயரம் என்றால் என்னவென்று முதலில் படி.’ இதை எழுதியதே அவளுக்கு மறந்து போயிருந்தது.

பூஜ்ஜியத்தை அடித்து ஐந்து போட்டாள். மொத்தத்தை முப்பத்தாறு ஆக்கினாள். தோல்வியை அடித்தாள். அந்த வரியையும் அடித்தாள். திருத்திய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. நான்கு இடத்தில் போட்டாள். அடித்த கோட்டுக்கு அடியில் அந்த வரியை இன்னமும் நன்றாகவே படிக்க முடிந்தது.