இடது நெஞ்சில் சிவப்பு அம்பு

மூன்றாம் நாளும் அம்பு வந்திருந்தது.

டீ குடிக்கப் போகும்போது சுத்தமாக இருந்த கட்டு. திரும்பி வந்தால், மேலே கிடந்த மஞ்சள் டி-ஷர்ட்டின் இடது நெஞ்சில் சிவப்பு ஸ்டிக்கர்.

பெருமாநல்லூர் சாலையில் ஒரு பனியன் கம்பெனி. ரோஸ்மேரி அங்கே ஃபைனல் செக்கர். ஓட்டையோ எண்ணெய்க் கறையோ கண்ணில் பட்டால், அந்த இடத்தைக் காட்டி அம்பு ஒட்டுவது அவள் வேலை. இந்த அம்பை அவள் ஒட்டவில்லை. துணியை டியூப்லைட்டில் பிடித்துப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை.

"அனுசுயாதான் சார் வந்து செக்கிங் பாக்குது!" அயர்ன் மேசையிலிருந்து முனீஸ் கத்தினான். தையல் வரிசை கொல்லென்று சிரித்தது.

சூப்பர்வைசர் தமிழ்செல்வன் முறைத்தார். "ஏனுங்க ரோஸ்மேரி, பேய்க்கும் சேத்து சம்பளம் போடோணுமுங்களா? வெள்ளிக்கெழம ஷிப்மென்ட்டுங்க!"

ரோஸ்மேரிக்குச் சிரிப்பு வரவில்லை. அனுசுயா, பதினான்காம் நம்பர் மெஷின்காரி. இரண்டு மாதத்துக்கு முன்பு இதே மேசைக்கு வந்து, தன் இடது நெஞ்சில் ஓர் அம்பை ஒட்டிக்கொண்டு கேட்டாள்: "இங்கதான் டேமேஜ்க்கா. பாஸ் பண்ணுவீங்களா?"

ரோஸ்மேரி சிரித்துவிட்டு அம்பைப் பிய்த்துப் போட்டாள். "ரிஜெக்ட்டுதான். போ, வேலையப் பாரு."

அடுத்த திங்கட்கிழமை அனுசுயா உயிரோடு இல்லை. 'தீராத வயிற்றுவலி' என்றது அவள் தங்கியிருந்த விடுதி.

அன்று போன தூக்கம் ரோஸ்மேரிக்குத் திரும்பவில்லை. ஓவர்லாக் மெஷின்கள் ஓடும் இரைச்சலுக்குள் அந்தக் குரல் கேட்டது. பாஸ் பண்ணுவீங்களா? யாரிடம் சொல்வது? கிறுக்கி என்று பெயர் வைத்து, அன்றைக்கே பெட்டியோடு தூத்துக்குடி பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். அவள் சம்பளத்தில்தான் ஊரில் அடுப்பு எரிகிறது.

மஞ்சள் டி-ஷர்ட்டில் அச்சடித்திருந்த எழுத்தைக் காட்டிக் கேட்டாள்: "சார், இதுல இங்கிலீஷ்ல என்ன போட்டிருக்கு?"

தமிழ்செல்வன் ஆர்டர் தாளைப் புரட்டினார். "'எனக்கு மனசு சரியில்லை. மறைக்க மாட்டேன்'னுங்க. மனசு சீக்கு வந்தவங்களே இதப் போட்டுட்டு ஊர்வலம் போவாங்களாமா. வெள்ளக்காரனுக்கு எதெதுக்குத்தான் பனியனோ!"

ரோஸ்மேரி கட்டுகளைத் திரும்பிப் பார்த்தாள். நாலாயிரம் பீஸ். அத்தனையிலும் அனுசுயா சொல்ல வந்தது.

மறுநாள் டீ பெல் அடித்ததும் அவள் வெளியே போகவில்லை. அட்டைப்பெட்டி அடுக்குக்குப் பின்னால் பதுங்கினாள். பேயாக இருந்தால் மன்னிப்புக் கேட்டுவிடலாம்.

மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. செருப்புச் சத்தம். ஒரு கை நீண்டு, இடது நெஞ்சில் அம்பை வைத்து அழுத்தியது. கட்டை விரலில் அயர்ன் சுட்ட தழும்பு.

"முனீஸு!"

அவன் ஓடவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"எங்கிட்டயும் நெஞ்சுல அம்ப ஒட்டிக் காட்டுச்சுக்கா அந்தப் புள்ள. படம் காட்டாதன்னு கிண்டல் பண்ணேன்." தன் நெஞ்சைத் தொட்டான். "இப்ப எனக்கு இங்க அடைக்கி. சொல்லத் தெரியல. ஒட்டத்தான் தெரிஞ்சிச்சு."

பெல் அடித்தது. கூட்டம் உள்ளே வந்தது. முன்னால் தமிழ்செல்வன்.

"ஆருங்க ஒட்டுனது? இன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்பிருவேன்!"

முனீஸ் எழுந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள், ரோஸ்மேரி ரிஜெக்ட் கூடையிலிருந்து ஒரு மஞ்சள் டி-ஷர்ட்டை உருவி, சுடிதாருக்கு மேலேயே போட்டுக்கொண்டாள். ரோலிலிருந்து ஓர் அம்பைக் கிழித்தாள். இடது நெஞ்சில் ஒட்டினாள்.

"எனக்கும் இங்கதான் டேமேஜ் சார். ரெண்டு மாசமா தூங்கல. அனுசுயாவுக்கு வயித்துவலி இல்ல, எனக்குத் தெரியும்."

பின்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பிப் பாதியில் அறுந்தது.

"அட, வெளையாடாதீங்க…" தமிழ்செல்வன் அம்பைப் பிய்க்கக் கை நீட்டினார்.

ரோஸ்மேரி அந்தக் கையைத் தடுத்துப் பிடித்தாள்.

"இத மட்டும் பிச்சிராதிய சார். நான் பிச்சேன்."

கை காற்றில் நின்றது. அவருக்குப் பின்னால் முனீஸ் ஸ்டிக்கர் ரோலை எடுத்தான்.