பெயர் போடாத அறுபத்தொரு பேர்

நேசமலர் அக்காவின் மகளுக்கு ஆறு வயது. உடம்பில் இரத்தம் ஊறாத நோய். லட்சத்தில் ஒருவருக்கு வருமாம். சனிக்கிழமைக்குள் வேலூர் ஆஸ்பத்திரியில் முற்பணம் கட்டினால் கட்டில் உண்டு. தவறினால் நான்கு மாதம் காத்திருக்கவேண்டும். பிள்ளை அதுவரை தாங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

கொழும்பில் எங்கள் வெள்ளவத்தைப் பெரியவர்கள் இரக்கத்தில் குறை வைக்கவில்லை. மாலை வகுப்பில் கணக்கியல் படிக்கிறவன் என்பதால் பணம் சேர்க்கும் வேலை எனக்கு வந்தது. சங்கத் தலைவர் நவரத்தினம் ஐயா முதலாவதாக ஐயாயிரம் தந்தார்.

"பேரை மட்டும் எழுதிப்போடாதையும் தம்பி. இயக்கத்துக்குச் சேர்த்தது எண்டு நாளைக்குப் பிடிப்பாங்கள்."

"அப்ப என்னெண்டு எழுத, ஐயா?"

"நலன்விரும்பி எண்டு போடும்."

நல்ல முன்மாதிரி. அறுபத்தொரு பேரும் நலன்விரும்பிகளானார்கள். காசோலையில் பெயர் இருக்கும் என்பதால் காசோலையும் ஒருவரும் தரவில்லை.

செவ்வாய்க்கிழமை நான்கு லட்சம் ரூபாவையும் பட்டியலையும் பையில் வைத்துக்கொண்டு, அக்காவிடம் கொடுக்கக் கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினேன். சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவர் நலன்விரும்பி, நலன்விரும்பி என்று பதினைந்தாவது வரி வரை வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"மே சல்லி காட்டத?"

இந்தப் பணம் யாருக்கு என்று சிங்களத்தில் கேட்கிறார். பிள்ளைக்கு என்றேன். எதற்குப் பயந்து பெயரை மறைத்தார்களோ, புலிகளுக்குச் சேர்த்தது என்ற அந்தச் சந்தேகத்துக்கு இதைவிடப் பொருத்தமான பட்டியலை யாராலும் தயாரித்திருக்க முடியாது.

பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர், நான் கொண்டுபோன டொக்டரின் கடிதத்தைப் பொறுமையாகப் படித்தார். கொடுத்தவர்களில் பத்துப் பேர் அடையாள அட்டையோடு வந்து சொன்னால் பணம் தருவதாகச் சொல்லி என்னை மட்டும் அனுப்பினார்.

புதன்கிழமை முழுவதும் படி ஏறி இறங்கினேன். தில்லைநாதனுக்கு முதுகு பிடித்திருந்தது. நாகேந்திரம் தெஹிவளைக்குப் போய்விட்டாராம்; செருப்பு வாசலில் கிடந்தது. கீழ்வீட்டு லுத்பியா அன்ரிதான், "நான் அம்பது ரூவாதானே தந்த, வரலாமா மகன்?" என்று முக்காட்டைச் சரிசெய்தபடி வந்தார். ஒருவர்.

வியாழன் காலை நவரத்தினம் ஐயா கதவைப் பாதி திறந்தார்.

"பதவியில இருந்த ஆள் தம்பி. நான் அங்க நிண்டால் நல்லாயிராது."

"அப்ப பொலிசுக்குக் கொப்பியைத்தான் குடுக்கவேணும், ஐயா."

"என்ன கொப்பி?"

பெயரில்லாத வரவை எங்கள் கணக்கியல் மாஸ்டர் ஏற்கமாட்டார். அந்தப் பழக்கத்தில் எல்லோருடைய பெயரையும் தனிக் கொப்பி ஒன்றில் எழுதியிருந்தேன். அதைச் சொன்னேன்.

"எல்லாற்றை பேருமோ?"

"ஓம். உங்கட ரெலிபோன் நம்பரும்."

கதவு முழுவதாகத் திறந்தது. கொப்பிச் செய்தியை ஐயாவே ரெலிபோனில் வீடு வீடாகச் சொன்னார்.

பதினொரு மணிக்குப் பொலிஸ் நிலையத்தில் இருபத்துமூன்று பேர். தில்லைநாதன் நேராக நின்றார். என் கொப்பி பொலிசுக்குப் போகக்கூடாது என்று ஓடிவந்தவர்கள், பெயர், முகவரி, அட்டை இலக்கம் எல்லாம் சொல்ல, பொலிஸ்காரர் தன் பெரிய புத்தகத்தில் ஆற அமர எழுதிக்கொண்டார். நவரத்தினம் ஐயா தன் பட்டத்தையும் சேர்க்கச் சொன்னார்.

மூன்று மணிக்குப் பணம் கிடைத்தது. வெள்ளி காலை பிள்ளை தாயின் தோளில் நித்திரையாக விமானம் ஏறினாள்.

இப்போது ஐயா என்னைக் கண்டால் வீதியைக் கடந்து மறுபக்கம் போகிறார். போகட்டும். அவர் வராதிருந்தால் அந்தக் கொப்பியை உண்மையாகவே கொடுத்திருப்பேனா? பிள்ளையை நினைத்தால் ஓம் என்றுதான் படுகிறது. அறுபத்தொரு வீட்டையும் நினைத்தால் அப்படி எழுதக் கை வரவில்லை.