வாஃபிளைத் தொட்ட கை

“வாயே திறக்காத. கேட்டா ‘இல்ல’ன்னு சொல்லு. முடிஞ்சுது!”

காரை நிறுத்தியபடி டெரிக் தங்கையை எச்சரித்தான். எதிரே, அயோவாவின் சோளக்காட்டு நடுவே, பன்றிப் பண்ணையின் கேட். அதன் முன்னால் ரப்பர் பூட்ஸோடு கால்நடை டாக்டர் ஷ்ரோடர்.

தங்கை ஆனிகா காரிலிருந்து இறங்கினாள். கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி. பட்டப்படிப்பில் மதிப்பெண் இருக்கிறது. நாய் கிளினிக்கில் வேலை பழகியதும் இருக்கிறது. இல்லாதது, ஷ்ரோடரின் சிபாரிசுக் கடிதம் மட்டும்தான். “பன்னிங்ககிட்ட நீ எப்படி நடந்துக்கறன்னு கண்ணால பாக்காம எழுத மாட்டேன்” என்று கறாராகச் சொல்லிவிட்டார். அதற்கு அவர் ஒதுக்கியது இன்று மட்டும்.

“இந்த ரெண்டு நாள்ல வேற ஏதாவது பன்னியத் தொட்டியாம்மா?”

கேட்டே விட்டார். வெளிப் பன்றியிடமிருந்து ஒரு கிருமி உள்ளே போனால் பண்ணையே காலி; அதற்குத்தான் இந்த இரண்டு நாள் விதி.

காலையில்தான் அவள் வீட்டு வளர்ப்புப் பன்றி வாஃபிள் வேலியைப் பிய்த்துக்கொண்டு நெடுஞ்சாலைக்கு ஓடியது. லாரி வருவதற்குள் ஆனிகா பாய்ந்து அள்ளிக்கொண்டு வந்தாள். பிறகு தோல் சிவக்கக் குளித்தாள். யாருக்குத் தெரியப்போகிறது?

“தொட்டேன் டாக்டர். இன்னிக்குக் காலையில. கட்டியே புடிச்சேன்.”

காருக்குள் டெரிக் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டான்.

“அப்ப உள்ள வராத.” கேட் சாத்திக்கொண்டது.

அவள் அழுது முடித்திருந்த சாயங்காலம், வீட்டு வாசலில் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. இறங்கியவர் ஷ்ரோடர்!

“எங்க அந்த ஓடுகாலி? குளம்பு வெட்டி எவ்வளவு நாளாச்சு?”

“ஐயோ, கிட்ட வராதீங்க டாக்டர்! அப்புறம் உங்களையும் எந்தப் பண்ணையிலயும் விடமாட்டாங்க!”

“ரெண்டு நாளைக்குத்தானே? அதான் அங்க வேலைய முடிச்சிட்டு வந்தேன். மீன் புடிக்கப் போலாம்னு எம் பொண்டாட்டி வருஷக்கணக்கா கெஞ்சறா. ரெண்டு நாள் லீவு கெடச்சதுக்கு உனக்குக் கேக் அனுப்புவா பாரு. ம், வெட்டற கத்தியப் புடி.”

கொலை விழுந்தது போல வாஃபிள் அலறியது. ஆனிகா அதை மடியில் மல்லாத்தி வயிற்றைச் சொறிந்தாள். அலறல் முனகலாகி, முனகல் குறட்டையாகும்வரை கத்தியைத் தொடவே இல்லை. பிறகு ஒவ்வொரு காலாக, நிதானமாக நறுக்கினாள்.

ஷ்ரோடர் கைகட்டி நின்று பார்த்தார். கடைசிக் குளம்பு முடிந்ததும் பிக்கப்பை நோக்கி நடந்தார்.

“டாக்டர்… கடிதம்?”

“வீட்டுக்குப் போனதும் அனுப்பிடறேன். காலேஜ்ல மொத நாளே மயங்கி விழுந்து எம் பேரக் கெடுத்த, தெரியும் சேதி!”

ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது ஆனிகாவுக்கு. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. மடியில் வாஃபிள் நல்ல தூக்கம்.