இடப்பக்கத்துக் கார்புரேட்டர்

2024 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததிலிருந்து விட்டுவிட்டு மழை, இடையிடையே காற்றில்லாத புழுக்கம்... இந்த ஈரத்தில் கார்புரேட்டரைத் திறக்கலாமா, திறப்பதென்றால் தானே திறப்பதா, அல்லது சந்து முனையில் பட்டறை வைத்திருக்கும் சலாவுதீனிடம் தள்ளிக்கொண்டு போய் நிற்பதா என்று, தாராவியில் தம் வீட்டு வாசலில், தார்ப்பாய்க்கு அடியில், ஸ்குரூ டிரைவரைப் பிடித்தபடி வேதமுத்து குந்தியிருந்தார். தலைவலி என்று பொய் சொல்லிப் பூசைக்குப் போகாமல் நின்றுவிட்டார், மனைவி அன்னமேரி மட்டும் போயிருந்தாள். பழைய மோட்டார் சைக்கிள், இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் ஒரு கார்புரேட்டர், இரண்டும் ஒரே அளவில் காற்றை இழுத்தால்தான் வண்டி ஒழுங்காக ஓடும். சலாவுதீன் அதைச் சோதிக்கும் விதமே தனி, வண்டியை ஓடவிட்டு, ரப்பர் குழாயின் ஒரு முனையைக் கார்புரேட்டரின் வாயருகிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்து, முதலில் இது, பிறகு அது என்று இரைச்சலை ஒப்பிட்டுத் திருகுவார். வேதமுத்துவுக்கு அவ்வளவு பொறுமை ஏது? குழாயை இரண்டாக வெட்டி, இடப்பக்கத்துக்கு இடக் காது, வலப்பக்கத்துக்கு வலக் காது என்று ஒரே நேரத்தில் வைத்துக் கேட்டார். வலப்பக்கம் சீறியது. இடப்பக்கம்... ஏதோ இருந்தது, அடுத்த வீட்டில் யாரோ தூங்குவதைப் போல.

அடைப்புத்தான், அடைப்பாகத்தான் இருக்க வேண்டும், டாங்கில் துரு இறங்கியிருக்கும், மழைக்காலத்தில் இதெல்லாம் வழக்கம்தானே... குழாயை மாற்றி, இடப்பக்கத்தை வலக் காதால் கேட்டால் ஒரு நொடியில் தெரிந்துவிடும் என்பதை அவர் அறிவார், அறிந்தும் கை அதற்கு இணங்கவில்லை. ஏன் இணங்கவில்லை? வியாழக்கிழமை, செம்பூரில், பள்ளி வாசலில்... அவர் ஓட்டும் பள்ளிப் பேருந்தில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம், பிள்ளைகள் இறங்கும் கதவு இடப்பக்கம். கதவருகே நின்று பிள்ளைகளை இறக்கிவிடும் ஷ்யாமளா, “ருக்கோ ருக்கோ, அண்ணா நிறுத்துங்க!” என்று கத்தினாளாம், அவருக்குக் கேட்கவில்லை, பேருந்து நகர்ந்துவிட்டது, கண்ணாடியில் அவளுடைய திறந்த வாயைக் கண்ட பிறகுதான் பிரேக்கை மிதித்தார். முன்சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் மஞ்சள் மழைக்கோட்டு, அதற்குள் முதல் வகுப்புப் பரீஹா, உருண்டோடிய தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்திருந்தாள். கூரைமேல் மழை கொட்டின சத்தம்மா என்றார் ஷ்யாமளாவிடம், அவளும் நம்பினாள். அன்று மழை அவ்வளவா பெய்தது?

ஆகவே அடைப்பு இருந்தாக வேண்டும். அடைப்பு இருந்தால் காதில் குற்றமில்லை, காதில் குற்றமில்லையென்றால் வியாழக்கிழமை நடந்தது மழையின் குற்றம், திங்கட்கிழமை காலையில் வழக்கம்போல் பேருந்தை எடுக்கலாம்... இல்லையென்றால்? ஐம்பத்திரண்டு வயதில், ஓட்டுவதைத் தவிர வேறொன்றும் தெரியாதவன் எந்த வாசலில் போய் நிற்பது? நினைவு அந்த இடத்தில் வந்து முட்டிக்கொண்டிருக்கும்போதே பால் பாக்கெட்டுடன் சலாவுதீன் வந்து நின்றார். “என்னவே, நாயித்துக்கெழமையும் அதுவுமா ஆப்பரேசனா? அங்க சாமியாரு ஒம்மத் தேடப்போறாரு.” “லெப்ட் சைடு அடச்சிருக்குவே.” “அடப்பா? நேத்து நீரு சந்துக்குள்ள வரும்போது கேட்டனே, ரெண்டும் சோடிப்பொறா மாதிரில்லா பாடிச்சு! டென்சன் எடுக்காதயும், கடைக்குத் தள்ளிட்டு வாரும், ஒரு நிமிசத்துல கேட்டுச் சொல்லுதேன்.” “எனக்கும் கை இருக்கு, நீரு போம்வே.” “கை இருக்கு, யாரு இல்லன்னா?” என்று சிரித்துக்கொண்டே போனார். கேட்டுச் சொல்வாராம்... இரண்டு பக்கத்தையும் ஒரே காதால் கேட்பார், கேட்டுவிட்டு வண்டியைப் பார்க்க மாட்டார், வேதமுத்துவைத்தான் பார்ப்பார். இல்லை, இந்த வேலை வெளியே போகக்கூடாது. வேதமுத்து முதல் திருகைக் கழற்றினார்.

அடிக்கிண்ணத்தைக் கழற்றினார், பெட்ரோல் விரலெல்லாம் வழிந்தது, கிண்ணத்தில் வண்டல் இல்லை. பெட்ரோல் பாயும் நுண்துளை கொண்ட ஜெட் என்னும் சிறு பித்தளைத் துண்டை எடுத்து, தார்ப்பாயின் விளிம்புக்கு வெளியே, மேகம் வெளுத்திருந்த பக்கமாக உயர்த்திப் பிடித்தார்... துளையில் வட்டமாக வெளிச்சம். ஊதினார், துடைப்பக் குச்சியை நுழைத்தார், வெள்ளைத் துணியில் தட்டினார். ஒரு துகள், ஆண்டவரே, ஒரே ஒரு துருத் துகள்... ஊரிலுள்ளவர்களெல்லாம் அழுக்குப் போக வேண்டுமென்று மன்றாடும் நேரத்தில் தாம் அழுக்கு வேண்டுமென்று மன்றாடுவது விளங்கியும் அவரால் நிறுத்த முடியவில்லை. துணி வெள்ளையாகவே இருந்தது. அப்படியானால் கோளாறு வலப்பக்கத்தில் இருக்குமோ, அதுதான் அளவுக்கு மீறி இழுக்கிறதோ, அதனால்தான் இது மந்தமாகத் தோன்றுகிறதோ? ஆம், ஏன் இருக்கக்கூடாது? சற்றும் குறையில்லாமல் ஓடிய வலக் கார்புரேட்டரின் திருகின்மேல் ஸ்குரூ டிரைவரை வைத்தார்.

அப்போதுதான் அன்னமேரி சந்துக்குள் வந்தாள். அவருக்கு இடப்பக்கம் தரை காய்ந்திருந்தது, நிற்க இடமும் இருந்தது. வலப்பக்கம் சாக்கடை பொங்கிக் கணுக்கால் அளவு கறுப்புநீர். அவள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பூசைக்கென்று போட்டிருந்த செருப்போடு அந்தத் தண்ணீரில் இறங்கி, சுற்றிக்கொண்டு வந்து, வலப்பக்கம் குனிந்த பிறகே வாயைத் திறந்தாள். “ஏங்க, தலவலி விட்டுட்டா?” விட்டது என்று சொல்லப்போனவர் நிறுத்திக்கொண்டார். இவள் ஏன் தண்ணீரில் இறங்கினாள்? மாட்டுங்கா ரயில் நிலையத்துப் படியில் இறங்கும்போதுகூட இவள் பின்னால் வந்து வலப்பக்கம் மாறிக்கொள்வாளே... மின்விசிறிக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று கட்டிலில் இடம் மாறிப் படுத்தது எப்போது, போன கிறிஸ்துமஸுக்கு முன்பா? அப்படியானால் தமக்கும் முன்னால், எத்தனை மாதமாக இவளுக்குத் தெரியும்... “நாளக்கி ஸ்கூலுக்குப் போறீங்களா?” என்று கேட்டாள் அன்னமேரி, சத்தத்தைக் கூட்டாமல், அவர் முகத்தைப் பார்த்தபடி, தண்ணீரில் நின்றுகொண்டே. பெட்ரோல் படிந்த விரல்களுக்கிடையே அவர் ஜெட்டை உருட்டினார், அவள் நகரவில்லை. மணி ஒன்பது ஐம்பத்து நான்கு.