இரண்டு மடங்கு

பப்புவா நியூகினிக்கு விடுதலை கிடைத்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அதற்குள் அங்கே ஒரு மலை மாவட்டத்தில் குற்றம் இரண்டு மடங்காகிவிட்டது என்று எங்கள் பேராசிரியர் சிட்னியில் இருந்துகொண்டே அறிக்கை எழுதிவிட்டார்.

அந்த மாவட்டத்துப் பொலிஸ் ஏடுகளை ஆறு மாதம் உட்கார்ந்து எண்ணியவன் நான். அதனால்தான் அது பொய் என்று எனக்குத் தெரியும். வெள்ளைக்கார அதிகாரியின் காலத்தில் முப்பது பேர் வெட்டிக்கொண்டாலும் அவர் அந்த இடத்திலேயே விசாரித்து, ஏட்டில் ஒரே வரி எழுதிவிட்டுப் போய்விடுவார். உள்ளூர்ப் பொலிஸார் முப்பது பேருக்கும் முப்பது வழக்குப் பதிகிறார்கள். ஒழுங்காக வேலை செய்ததற்கு அவர்களுக்குக் கிடைத்த கெட்ட பெயர் இது. பேராசிரியரிடம் சொன்னேன். "அடிக்குறிப்பில் போடலாம்" என்றார். அச்சாகி வந்தபோது அடிக்குறிப்பைக் காணவில்லை.

அந்த அறிக்கையைப் பற்றிப் பேசச் சிட்னியில் வைத்த கூட்டத்துக்குக் கிளம்பிய காலையில் என் மனைவி கிரிஜா சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். அவளுக்கு வயிற்றில் ஆறு மாதம்.

"அங்க போய் வாயைத் திறக்காதேங்கோ. வெள்ளிக்கிழமை விசா முடியுது. பேராசிரியர் கடிதம் தந்தாத்தான் நாங்கள் இஞ்ச இருக்கலாம்."

"ஓம்" என்றேன். எரிச்சலாக இருந்தது, அவள் சொன்னது சரி என்பதால்.

கூட்டத்துக்கு அந்த மாவட்டத்தின் பொலிஸ் தலைவர் கிலா வந்திருந்தார். அறிக்கை உண்மையென்றால் அவருடைய கதிரையில் மறுபடி ஒரு வெளிநாட்டு அதிகாரியை உட்கார வைப்பார்கள். அவர் அட்டவணையில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு நேரே என்னைப் பார்த்தார்.

"எண்ணியது நீங்கள்தானே? உண்மையிலேயே இரண்டு மடங்கா?"

அறை முழுவதும் என் பக்கம் திரும்பியது. பேராசிரியர் பேனாவின் மூடியைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருந்தார். முப்பது வழக்கு, ஒரு வரி. சொல்வதற்கு அரை நிமிடம்கூடத் தேவையில்லை.

"ஓம், சேர். கணக்குச் சரி" என்றேன்.

கிலா மெல்லத் தலையாட்டினார்.

"இவர்கள் சொன்னபோது நான் நம்பவில்லை. உங்கள் நாட்டையும் வெள்ளைக்காரன்தான் ஆண்டான். நீங்கள் சொல்வதால் நம்புகிறேன்."

எழுந்து வந்து இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

கடிதம் அன்று பின்னேரமே கிடைத்தது. பேராசிரியர் என்னை நேர்மையானவன் என்று எழுதியிருந்தார்.