இரண்டரைப் பவுண்டு விசை

இருபத்தைந்து குண்டுகளில் வெண்டெல் ஸ்ப்ராட்லி பதினேழைத்தான் வட்டத்துக்குள் போட்டார். இருபது வேண்டும். மீதி எட்டும் எங்கே போயின என்று தேட வேண்டியிருக்கவில்லை. எல்லாம் அட்டையின் இடப்பக்கம் கீழே, கோழி முட்டையிட்ட மாதிரி ஒரே இடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன.

சபையின் காவல் குழுவுக்குத் தலைவன் ராய்ஸ். முன்னாள் போலீஸ்காரன். அட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னான்: "பிரதர் வெண்டெல், உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு. விரல்தான் சண்டித்தனம் பண்ணுது. மூணு வாரம் கழிச்சு இன்னொரு தடவை சுடுங்க. அதுலயும் இருபது வரலேன்னா நாற்காலிய வேற ஆளுக்குக் குடுத்தாகணும். நான் வச்ச சட்டம் இல்ல, இன்சூரன்ஸ்காரன் வச்சது."

நாற்காலி என்பது பின் ஓக் பாப்டிஸ்ட் சபையின் வாசல் கதவுக்குப் பக்கத்தில், கடைசி வரிசைக்கும் பின்னால் போட்டிருந்த மடக்கு நாற்காலி. இரண்டு வருஷம் முன்பு பக்கத்து மாவட்டத்துச் சபை ஒன்றில், பெண்டாட்டி மேல் கோபம் கொண்ட ஒருவன் ஆராதனை நடக்கும்போது உள்ளே நுழைந்தான். இரண்டு சரணம் பாடி முடிக்கும் நேரத்தில் நாலு பேர் செத்துக் கிடந்தார்கள். அதற்கப்புறம்தான் பின் ஓக்கில் ஆறு ஆண்கள் கோட்டுக்குள் துப்பாக்கியோடு உட்கார ஆரம்பித்தார்கள். வாசல் நாற்காலி வெண்டெலுக்குக் கிடைத்தது. முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகக் கேஸ் லாரி ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு திங்கள் முதல் சனி வரை அவர் யாருக்கும் தேவைப்படவில்லை. ஞாயிறு ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரை எண்பது பேருக்குத் தேவைப்பட்டார். உள்ளே வருகிற ஒவ்வொருவரும் அவர் தோளை ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் போவார்கள். அந்த எண்பது தட்டில் அவருடைய வாரம் ஓடியது.

அந்தச் சபையில் வெடிச்சத்தம் புதிதும் இல்லை. நிலவறையில் இருந்த பழைய கொதிகலன் குளிர்காலத்தில் சூடேறும்போதெல்லாம் பீரங்கி மாதிரி ஒரு தடவை முழங்கும். புதிதாக வந்த போதகர் முதல் ஞாயிறன்று பிரசங்க மேடைக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டார். அங்கிருந்தபடியே பிரசங்கத்தை முடித்தார் என்றும், அவர் செய்ததிலேயே சிறந்தது அதுதான் என்றும் சொல்வார்கள். காவல் குழுவுக்கு ராய்ஸ் கொடுத்த முதல் பாடமே, "கொதிகலன் வெடிச்சா யாரும் துப்பாக்கிய உருவக் கூடாது" என்பதுதான்.

வெண்டெல் மறுநாளே ஆர்லிஸின் பட்டறைக்குப் போனார். மாட்டுத் தீவனக் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அந்தப் பக்கத்துத் துப்பாக்கிகள் எல்லாவற்றுக்கும் ஆர்லிஸ்தான் வைத்தியன். வெண்டெலோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு.

ஆர்லிஸ் துப்பாக்கியைக் காலி செய்தான். எவ்வளவு பாரத்துக்குச் சுடுகிறது என்று பார்க்க, தராசுக் கொக்கியை விசையில் மாட்டி இழுத்தான். "ஆறு பவுண்டு. கம்பெனிக்காரன் எப்படி அனுப்பினானோ அப்படியே இருக்கு. இதுல என்ன கோளாறு?"

"கோளாறு என் கட்டைவிரல் மூட்டுல. இறுக்கிப் பிடிச்சு இழுக்கறதுக்குள்ள கை ஆடிடுது. ரெண்டரைக்கு எறக்கிக் குடுடா."

"லைல் ஹாபர ஞாபகம் இருக்கா? அவனுக்கு ஒரு பவுண்டுக்கு எறக்கிக் குடுத்தேன். எனக்கு அப்ப புத்தி வரல. ஒரு நாள் அவன் மாமியார் அவன மொறச்சுப் பாத்தா. வெடிச்சிருச்சு."

"மாமியார் மேலயா?"

"ஃப்ரீஸர் மேல. நூத்திப்பத்து பவுண்டு மான் கறி. அன்னைக்கிலேருந்து அந்தம்மா அவன மொறைக்கறதே இல்ல. குடும்பம் நல்லா இருக்கு. கறிதான் போச்சு."

வெண்டெல் சிரிக்கவில்லை. ஆர்லிஸும் சிரிக்கவில்லை, அவன் எப்போதுமே சிரித்ததில்லை.

"வேட்டைத் துப்பாக்கிய கொண்டா, பூ மாதிரி பண்ணித் தரேன்" என்றான். "போட்டிக்குச் சுடறதக் கொண்டா, ஊதினா சுடற மாதிரி பண்ணித் தரேன். இது அப்படியாடா? நாள் பூரா உன் தொடையப் பாத்துக்கிட்டு பெல்ட்டுக்குள்ள குந்தியிருக்கு. உள்ள சொருகும்போது சட்டையோ நூலோ மாட்டிச்சுன்னா, அந்த ஆறு பவுண்டு இருந்தாத்தான் என்னமோ தடுக்குதேன்னு உனக்குத் தெரியும். இன்னொண்ணு. நாளைக்கு நெசமாவே நீ ஒருத்தனச் சுட்டுட்டேன்னு வை. கோர்ட்டுல வக்கீல் எந்திரிச்சு, எதுக்குய்யா இத இவ்வளவு லேசாக்கினன்னு கேப்பான். என்ன சொல்லுவ? விரல் வலிக்குதுன்னா?"

"அப்ப என்னதான் பண்ணச் சொல்ற?"

"ரப்பர் பந்து வாங்கி அமுக்கு. மூணு மாசத்துல பிடி வந்துரும்."

"எனக்கு மூணு வாரம்தான் இருக்கு."

"அப்ப நாற்காலிய விடு."

வெண்டெல் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். தீவனக் கடையில் ஒரு ரப்பர் பந்து வாங்கினார். நாய்க்கு உண்டானது, அமுக்கினால் கீச் என்று கத்தும். நாலு நாள் அமுக்கினார். ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டு நாய்க்கே அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, விசையை லேசாக்கும் ஒரு ஸ்பிரிங் செட்டைத் தபாலில் வரவழைத்தார்.

சாப்பாட்டு மேசையில் துண்டை விரித்து, செல்போனில் ஓர் இளைஞன் பிரித்துக் காட்டுவதைப் பார்த்துக்கொண்டே அவரும் பிரித்தார். மனைவி நேடீன் அடுப்பில் கிரேவி கிளறிக்கொண்டிருந்தாள். ஒரு ஸ்பிரிங் துள்ளி, மேசையைத் தாண்டி, நேரே கிரேவிக்குள் விழுந்தது. நேடீன் கரண்டியால் துழாவி அதை எடுத்து, உதறி, அவர் முன்னால் வைத்தாள்.

"டாக்டர் எனக்கு இரும்புச் சத்து கம்மின்னாரு" என்றாள். "ஆர்லிஸ் வேண்டாம்னுதானே சொன்னான்?"

"ஆர்லிஸ் எல்லாத்துக்கும் வேண்டாம்னுவான். உன்னைக் கட்டிக்கறதுக்கும் வேண்டாம்னான்."

"அவனுக்கு விவரம் அதிகம்னு எனக்குத் தெரியும்." அவள் அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். "வெண்டெல், அது ஒரு மடக்கு நாற்காலி. எங்கூட கொயருக்கு வா. பாடத் தெரியாட்டி வாய அசை. பாதிப் பேரு அதத்தான் பண்றாங்க."

"கொயர்ல யாரும் என் தோளத் தட்ட மாட்டாங்க."

"நான் தட்டறேன்."

அவர் கிரேவியைத் துடைத்துவிட்டு ஸ்பிரிங்கை மாட்டினார்.

மூன்றாவது வாரம் இருபத்தைந்துக்கு இருபத்து நாலு. ராய்ஸ் அட்டையை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். "பிரதர் வெண்டெல், துப்பாக்கியில ஏதாவது மாத்தினீங்களா? கேக்கணும், கேட்டு எழுதணும். மாத்தினா இன்சூரன்ஸ் செல்லாது."

"கண்ணாடிய மாத்தினேன்" என்றார் வெண்டெல்.

ராய்ஸ் எழுதிக்கொண்டான்.

நவம்பரில் ஒரு ஞாயிறு. வெளியே ஐஸ் மழை. வெண்டெல் மழைக்கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். எண்பது தட்டும் வாங்கியாகிவிட்டது. போதகர் பிரசங்கத்தைத் தொடங்கி, இன்று மூன்று குறிப்புகள் என்று சொன்னதும், அறுபத்தெட்டு வயது ஆணின் மூத்திரப்பை மூன்று குறிப்புகளைத் தாங்காது என்பதால், வெண்டெல் எழுந்து ஓசைப்படாமல் பின்பக்கக் கழிப்பறைக்குப் போனார்.

பெல்ட்டை அவிழ்க்கிறவன் முதலில் துப்பாக்கிக்கு ஓர் இடம் தேட வேண்டும். காகித உருளைப் பெட்டியின் மேல் வைத்தார். வேலை முடிந்து கால்சட்டையை இழுத்து, பெல்ட்டை மாட்டி, துப்பாக்கியை வயிற்றுக்கு முன்னால் இருந்த உறைக்குள் சொருகினார். மழைக்கோட்டின் கீழ் விளிம்பில் சுருக்குக் கயிறு ஒன்று உண்டு. அதன் நுனியில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் குமிழ். அது துப்பாக்கிக்கு முன்பே உறைக்குள் போய், விசையில் மாட்டிக்கொண்டது. பழைய ஆறு பவுண்டாக இருந்தால் தடுத்திருக்கும். கை நின்றிருக்கும். இப்போது கைக்கு ஒன்றுமே தெரியவில்லை. வழுவழுவென்று உள்ளே போனது, வெடித்தது.

முதலில் யாரோ தொடையில் கடப்பாரையால் அடித்த மாதிரி இருந்தது. அப்புறம் ஓடுகளின் மேல் ரத்தத்தைப் பார்த்தார். தொடையின் மேற்புறம் நுழைந்து, முட்டிக்குப் பின்னால் வெளியேறி, குண்டு தரை ஓடு ஒன்றைப் பெயர்த்திருந்தது. காதில் ஆயிரம் சில்வண்டு. கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். யாராவது ஓடி வருவார்கள். வந்தால் பார்ப்பார்கள். பார்த்தால் ராய்ஸ் அந்த விசையை இழுத்துப் பார்ப்பான்.

ஒருவரும் வரவில்லை. வெளியே அந்தச் சத்தம் கொதிகலன் கணக்கில்தான் போயிருந்தது.

குழுவில் எல்லோரிடமும் ரத்தத்தை நிறுத்தும் இறுக்குப் பட்டை ஒன்று உண்டு. வெண்டெல் மறுபடி கால்சட்டையை இறக்கி, தொடையில் அதைச் சுற்றினார். அதோடு வரும் கட்டையைப் பிடித்து மூன்று முறுக்கு முறுக்க வேண்டும். ஒன்றரை முறுக்கினார். அதற்கு மேல் கட்டைவிரல் வரவில்லை. இரண்டு கையாலும், பல்லைக் கடித்துக்கொண்டும் முயன்றார். கட்டை வழுக்கி வழுக்கி அரை முறுக்கு பின்னால் போனது. போதும் என்று முடிவு செய்தார். தரையைக் காகிதத்தால் துடைத்தார். வெடிமருந்து வாசனைக்கு லாவெண்டர் ஸ்பிரே அடித்தார். கால்சட்டை கறுப்பு, அது ஒரு புண்ணியம்.

வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது முன்வரிசையிலிருந்து ராய்ஸ் திரும்பிப் பார்த்து, கொதிகலன்தானே என்று உதட்டை அசைத்தான். வெண்டெல் தலையாட்டினார்.

போதகர் பேசியது ஒன்றும் காதில் விழவில்லை. அவர் இரண்டு விரலை உயர்த்தியபோது மட்டும் இரண்டாவது குறிப்பு என்று தெரிந்தது. இன்னும் ஒன்று. அப்புறம் ஒரு பாட்டு, ஆசீர்வாதம். எண்பது பேரும் போகட்டும். கடைசியில் காரில் ஏறி, ஓட்டிக்கொண்டு போய், வீட்டில் நாற்காலியிலிருந்து விழுந்து கத்தி குத்திவிட்டது என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். இடது பூட்ஸுக்குள் ஈரமில்லை, வலது பூட்ஸுக்குள் வெதுவெதுப்பாக இருந்தது. கால்விரலை அசைத்தால் சளசளத்தது. ஆகவே அசைக்கவில்லை.

மேடைக்குப் பின்னால் கொயர் வரிசையில் நேடீன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் நலம் என்பதற்குக் குழுவில் ஒரு சைகை உண்டு, வலது காதைத் தொடுவது. வெண்டெல் தொட்டார். அவள் பார்வையை எடுக்கவில்லை. இன்னொரு முறை தொட்டார். மூன்றாவது முறை கை காதுவரை போகவில்லை, கன்னத்தோடு நின்றுவிட்டது.

நேடீன் பிரசங்கத்தின் நடுவில் எழுந்தாள். நீல அங்கியோடு மேடையை விட்டு இறங்கி, நடுப்பாதையில் நேரே நடந்து வந்தாள். போதகர் வாயைத் திறந்தபடி நின்றார். அவள் நாற்காலி அருகே குனிந்ததும் அவளுடைய செருப்பு தரையில் ஒட்டிப் பிரிந்தது.

"என்ன பண்ணித் தொலைச்ச?"

"சத்தம் போடாத. கடைசிக் குறிப்புக்கு வந்துட்டாரு."

"வெண்டெல், தரையெல்லாம் ரத்தம்."

"ஒரு பாட்டுதான் பாக்கி. உக்காரு. தயவு பண்ணி உக்காரு, நேடீன். ராய்ஸ் பாக்கறான்."

அவள் நிமிர்ந்து, எண்பது பேரும் திரும்பும்படி கூப்பிட்டாள்: "ராய்ஸ்! ஓடி வா!"

ராய்ஸ் ஓடி வந்தான். கால்சட்டையைத் தொடையில் கிழித்து, ஒரே மூச்சில் அந்தக் கட்டையை மூன்று முறுக்கு முறுக்கினான். குழுவில் இருந்த மற்ற நாலு பேரும் வந்து குவிந்தார்கள். ராய்ஸ் பழக்கப்பட்ட கையால் வெண்டெலின் பெல்ட்டிலிருந்து துப்பாக்கியை எடுத்தான், குண்டுகளை உதறினான், சுவரைப் பார்த்து ஒரு தடவை விசையை இழுத்தான். டிக். இன்னொரு தடவை, ரொம்ப மெதுவாக. டிக். அவன் வெண்டெலின் முகத்தைப் பார்க்கவில்லை. துப்பாக்கியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, "ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க" என்றான்.

"கதவுகிட்ட யாரு நிக்கறா?" என்று கேட்டார் வெண்டெல்.

யாரும் நிற்கவில்லை. மற்ற ஐந்து காவல்காரர்களும் அவரைச் சுற்றித்தான் இருந்தார்கள்.

ஆம்புலன்ஸ் வர இருபது நிமிஷம் ஆயிற்று. மாவட்ட ஆஸ்பத்திரி இருபத்தாறு மைல், சாலையெல்லாம் ஐஸ். நேடீன் அங்கியோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஊசி போட்ட பெண் ஏதேதோ கேட்டாள். எதற்கும் வெண்டெல் முனகக்கூட இல்லை. வாயை இறுக்கி மூடியிருந்தார், இன்னும் அந்தக் கதவோரம் உட்கார்ந்திருப்பவர் மாதிரி.

ரொம்ப நேரம் கழித்து, "ராய்ஸ் இழுத்துப் பாத்தானா?" என்றார்.

"பாத்தான்."

"கண்டுபிடிச்சுட்டானா?"

"ம்."

"அப்ப நாற்காலி?"

நேடீன் நாற்பத்து நாலு வருஷத்தில் அவரிடம் பொய் சொன்னதில்லை. "போச்சு, வெண்டெல்."

அவர் ஆம்புலன்ஸின் கூரையைப் பார்த்தார்.

"அப்படின்னா கொஞ்சம் கத்திக்கட்டுமா?"

"கத்திக்கோ."

கத்தினார். பதினெட்டு வருஷம் அந்த வேலை பார்த்த டிரைவர், அப்படி ஒரு கத்தலைக் கேட்டதே இல்லை என்று அப்புறம் சொன்னான். சைரனை அணைத்துவிட்டானாம், அது தேவைப்படவில்லை, எதிரே வந்த லாரிகள் தானாக ஒதுங்கின. ஒன்பது மைல் நிறுத்தாமல் கத்தினார். நேடீன் அவர் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

ஆற்றுப் பாலத்தின் நடுவில் சத்தம் நின்றது.

"கத்து" என்றாள் நேடீன். "இன்னும் கத்து, வெண்டெல். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."